முரண்டு பிடிக்கும் பெட்ரோல் வடிகட்டி: வீட்டிலேயே மாற்றலாமா?

‘சொந்தக் காரைச் சொந்தக் கையால் பழுது பார்க்கலாமா?’ என்ற தலைப்பில் நமது தொலைக்காட்சி அரங்கில் நடந்த கலந்துரையாடலில் பிரேக், பேட்டரி, எண்ணெய் மாற்றம் எனப் பல விஷயங்கள் பேசப்பட்டன. ஆனால் அரை மணி நேரத்தை விழுங்கியது ஒரே ஒரு சின்னப் பொருள். பெட்ரோல் வடிகட்டி! நம்மவர் வாயில் ‘ஃபியூவல் ஃபில்டர்’. அரங்கில் சொல்லி முடிக்க முடியாமல் போனதையும் சேர்த்து இந்த வாரம் எழுத்தில் தருகிறேன்.

மேடையில் இருவர் இருந்தனர். ஒருவர் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் ‘போமன்’. மற்றவர் தொழிற்பயிற்சி ஆசிரியர். பார்வையாளர் வரிசையில் இருந்து முதல் கேள்வியை எழுப்பியவர் இரவு நேர வேலைக்குப் போகும் ஓர் இளைஞர். “அண்ணே, ஃபில்டர் விலை கொஞ்சம்தான். நானே மாற்றிக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மேல் போல்ட் கழன்றுவிட்டது. கீழே இருக்கிற நட்டு அசையவில்லை. கடைசியில் நட்டின் மூலைகள் எல்லாம் தேய்ந்து உருண்டையாகிவிட்டன. காரை இழுவை லாரியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோனேன். திங்கட்கிழமை வேலையும் போச்சு. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டார்.

சிரிப்பொலி எழுந்தது. போமன் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே கார். அதில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவேண்டும், அதில்தான் இவர் வேலைக்குப் போகவேண்டும் என்றால் கழலாத ஒரு நட்டு ஒரு குடும்பத்தையே ஒரு நாள் நிறுத்திவைத்துவிடும். அந்த நட்டைச் சுற்றி இருப்பதோ தண்ணீர் அல்ல, பெட்ரோல்!

அவர் வைத்திருந்தது எம்பிஐ இன்ஜின் பூட்டிய புரோட்டோன் வீரா. 1993-இல் வந்து 2009 வரை தயாரிக்கப்பட்ட இந்த வண்டியை நம்மில் பலர் இன்னும் வைத்திருக்கிறோம். அப்பா வாங்கியது, அண்ணன் ஓட்டியது, இப்போது தம்பி கல்லூரிக்கு எடுத்துப் போவது என்று கைமாறிக்கொண்டே வருகிறது. எனவே வீராவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

வடிகட்டி என்ன செய்கிறது?

பெட்ரோல் டாங்கிக்குள் மின்சார பம்பு ஒன்று இருக்கிறது. அது பெட்ரோலைத் தள்ளி, இரும்புக் குழாய் வழியாக இன்ஜின் பக்கம் அனுப்புகிறது. போகும் வழியில் ஒரு சிறு இரும்பு டப்பா. அதற்குள் மடிப்பு மடிப்பாக வைத்த காகிதம். துரு, மணல், டாங்கியின் அடியில் சேரும் கசடு எல்லாம் அந்தக் காகிதத்தில் தங்கிவிட, சுத்தமான பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் போகிறது. இன்ஜெக்டரின் துளைகள் மிக நுண்ணியவை. ஒரு துகள் அடைத்தாலும் இன்ஜின் தடுமாறும்.

இங்கே ஆசிரியர் சொன்ன ஒரு தகவல் எனக்குப் புதிது. வீரா போன்ற கார்களில் பம்பு, இன்ஜினுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே பெட்ரோலை அனுப்பும். மிஞ்சியது வேறொரு குழாய் வழியாக டாங்கிக்கே திரும்பிவிடும். அதாவது ஒரே பெட்ரோல் அந்த வடிகட்டி வழியாகத் திரும்பத் திரும்பப் போகிறது. டாங்கியில் உள்ள அழுக்கு முழுவதையும் அந்தச் சிறு டப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்கிறது. துருப்பிடிக்கத் தொடங்கிய டாங்கியாக இருந்தால் அது நிரம்புவதும் விரைவாக நடக்கும்.

அடைத்துக்கொண்டால் என்ன தெரியும்? வீட்டு வாசலில் இன்ஜின் சாதாரணமாக ஓடும். ஊருக்குள் ஓட்டினாலும் குறை தெரியாது. கெந்திங் மேட்டில் ஏறும்போதும், காராக் நெடுஞ்சாலையில் லாரியை முந்த மிதிக்கும்போதும் வண்டி மூச்சு வாங்கும். அதிகப் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில்தான் அடைப்பு தன்னைக் காட்டும். அடைத்த வடிகட்டிக்கு எதிராகத் தள்ளித் தள்ளி பம்பும் சீக்கிரம் களைத்துவிடும். வடிகட்டியின் விலையோடு பம்பின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதே அறிகுறி பம்பு பலவீனமானாலும் வரும். காயில், ஸ்பார்க் பிளக், அடைத்துப்போன புகைக்குழாய் என எதனாலும் வரலாம். “மேட்டில் இழுக்கவில்லை என்றதும் ஃபில்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று முதலில் பாருங்கள். நினைவே இல்லை என்றால் மாற்றிவிடுங்கள்” என்றார் போமன். அடையாளம் தெரியாத நோய்க்கு மருந்து வாங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. வடிகட்டி எப்படியும் மாற்றவேண்டிய பொருள்தானே!

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். கார்புரேட்டர் காலத்துப் பழைய சாகாவில் வடிகட்டி சின்ன டப்பா, இரண்டு பக்கமும் ரப்பர் குழாய், கிளிப். அதைக் கழற்றுவது எளிது. மைவி போன்ற பிற்கால வண்டிகளில் வடிகட்டி டாங்கிக்குள்ளேயே பம்போடு சேர்ந்து இருக்கிறது. இன்ஜின் பக்கம் தேடினால் கிடைக்காது. அது பட்டறை வேலை. ஆகவே நாம் இப்போது பேசுவது நடுவில் உள்ள தலைமுறையைப் பற்றி. இரும்பு டப்பா, இரும்புக் குழாய், இறுக்கி முடுக்கிய நட்டு.

நெருப்போடு விளையாட்டு வேண்டாம்

நட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆசிரியர் அனைவரையும் நிறுத்தினார். “எங்கே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார். எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான். வீட்டு முன்புறம், கார் நிறுத்தும் கூரையின் கீழ்.

நம்முடைய தாமான் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கார் நிற்கும் இடத்திற்கும் முன்கதவிற்கும் இடையில் நாலடி இருக்கும். கதவைத் திறந்தால் சாமி மேடை. அதில் விளக்கு எரிகிறது, ஊதுபத்தி புகைகிறது. பக்கச் சுவரை ஒட்டிச் சலவை இயந்திரம். சில வீடுகளில் வெளியே சமைப்பதற்கென்று ஓர் எரிவாயு அடுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டு சிகரெட்டோடு யோசனை சொல்வார். இவை எல்லாமே பெட்ரோல் ஆவிக்குத் தீப்பொறிதான்.

பெட்ரோல் உறையும் குளிரில்கூட ஆவியாகித் தீப்பிடிக்கக் கூடியது. ஏறத்தாழ பூச்சியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியசிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும் என்றால், நம் ஊர் வெயிலில் கேட்கவேண்டுமா? காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு ஆவி கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் எரியும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. எனவே மேலே பறந்து போய்விடாது. தரையோடு தவழ்ந்து, கதவின் அடியில் நுழைந்து, விளக்கு இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். நாம் வாசனை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அது நம் கால் மட்டத்தில் தேங்கி நிற்கும்.

எனவே அவர் சொன்னவை இவை. வண்டியைக் கூரைக்கு வெளியே, திறந்த வெளியில், சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த காலை நேரத்தில் செய்யுங்கள். முன்கதவை மூடி, விளக்கையும் ஊதுபத்தியையும் அன்றைக்குப் பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பின்பக்கம் அனுப்பிவிடுங்கள். வெளிச்சத்திற்கு ஒயர் இழுத்த பல்பு வேண்டாம், கையளவு எல்இடி டார்ச் போதும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். கைமீறிப்போனால் விலகி நின்று 999-ஐ அழைக்கவேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம்.

டாங்கியில் பெட்ரோல் பாதிக்கும் குறைவாக இருக்கும் நாளாகப் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். வேலையைத் தொடங்கும் முன் டாங்கி மூடியை ஒரு தடவை திறந்து மூடுங்கள். உள்ளே அடைபட்ட ஆவி ‘உஸ்’ என்று வெளியேறும்.

அழுத்தத்தை வெளியேற்றும் வழி

எம்பிஐ வண்டியின் பெட்ரோல் குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்கிறது. நாம் டயருக்கு அடிக்கும் காற்றைவிட அதிகம். இன்ஜினை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் வெகு நேரம் குழாய்க்குள்ளேயே நிற்கும். அப்படியே போல்ட்டைத் திறந்தால் பெட்ரோல் பீய்ச்சி முகத்தில் அடிக்கும்.

வழி எளிது. பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இன்ஜினை ஓடவிடவேண்டும். வீராவில் பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கினால் பம்புக்குப் போகும் ஒயர் இணைப்பு தென்படும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடுங்காதீர்கள். பிடுங்கும் இடத்தில் பொறி வரலாம், அதன் கீழே டாங்கி! சாவியை அணைத்து, இணைப்பைக் கழற்றி, பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் மிஞ்சிய பெட்ரோலைக் குடித்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும். இன்னும் ஓரிரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்து, பற்றவில்லை என்று உறுதியானதும் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

இதற்குப் பிறகும் வடிகட்டிக்குள் கொஞ்சம் பெட்ரோல் இருக்கத்தான் செய்யும். பீய்ச்சாது, ஒழுகும். கீழே ஒரு சிறு பாத்திரமும் பழந்துணியும் வையுங்கள்.

அந்த நட்டு

இப்போது இளைஞரின் கேள்விக்கு வருவோம். வீராவின் வடிகட்டி இன்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டிப் பட்டையில் பிடித்திருக்கிறது. காற்று வரும் பெரிய குழாயைக் கழற்றினால் கை நுழையும். மேலே, நடுவில் துளையுள்ள போல்ட் ஒன்று குழாயின் வளையத்தைக் கோத்துப் பிடித்திருக்கும். கீழே, டாங்கியில் இருந்து வரும் இரும்புக் குழாயை நட்டு ஒன்று வடிகட்டியோடு இணைத்திருக்கும். தொல்லை கொடுப்பது இந்தக் கீழ் நட்டுதான். ஏன்?

இரும்பு துருப்பிடித்தால், அந்தத் துரு இரும்பைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நட்டின் மரைக்கும் வடிகட்டியின் மரைக்கும் இடையில் இருந்த மயிரிழை இடைவெளியில் துரு புகுந்து ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். பத்து வருடம் மழைச் சாலையில் ஓடிய வண்டி, கழற்றப்படாத நட்டு. இனி அது நட்டல்ல, ஒட்டிய இரும்பு.

இளைஞர் செய்த முதல் காரியம் சாதாரண ஸ்பேனரை மாட்டி இழுத்தது. வாய் திறந்த ஸ்பேனர் ஆறு முகங்களில் இரண்டை மட்டுமே பிடிக்கிறது. பலம் கூடக்கூட ஸ்பேனரின் வாய் சற்றே விரியும், நட்டின் மூலை நசுங்கும், அடுத்த இழுப்பில் வழுக்கும். நட்டின் நடுவே குழாய் போவதால் மூடிய வளைய ஸ்பேனரையும் மாட்டமுடியாது. இதற்கென்றே ‘ஃபிளேர் நட் ஸ்பேனர்’ ஒன்று கடையில் கிடைக்கிறது. வளையத்தில் ஓர் இடம் மட்டும் வெட்டிவிட்டதுபோல் இருக்கும். அந்த வெட்டு வழியாகக் குழாயை நுழைத்து, வளையத்தை நட்டின் மேல் இறக்கினால் ஐந்து முகங்களைக் கவ்விக்கொள்ளும். பிரேக் குழாய் வேலைக்கும் அதே ஸ்பேனர்தான். “இந்த ஒரு சாமான் வாங்க மனமில்லை என்றால் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்” என்று போமன் கறாராகச் சொன்னார். நான் அவர் பக்கம். மிச்சப்படுத்த நினைத்த கூலியில் பாதி அந்த ஸ்பேனருக்குப் போனாலும் அது அடுத்த முறைக்கும் இருக்கும்.

அளவை ஊகித்து வாங்கவேண்டாம். நட்டில் மாட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லாமல் உட்காரும் அளவே சரி. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். முகத்தில் துரு ஒட்டியிருந்தால் ஸ்பேனர் முழுமையாக இறங்காது.

இரண்டாவது காரியம், பொறுமை. டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெயை நட்டும் குழாயும் சேரும் இடத்திலும், நட்டும் வடிகட்டியும் சேரும் இடத்திலும் முதல் நாள் மாலையே, இன்ஜின் குளிர்ந்த பிறகு அடித்துவிடவேண்டும். அந்த எண்ணெய் மெல்லிய இடுக்கில் தானாக ஏறி உள்ளே போகும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அடித்த ஐந்தாவது நிமிடத்தில் இழுத்தால் எண்ணெய் இருப்பது வெளியே, துரு இருப்பது உள்ளே! இரவில் இன்னொரு முறை, காலையில் மற்றொரு முறை அடித்தால் உத்தமம். ஸ்பேனரை மாட்டும் முன் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

மூன்றாவது காரியம், திசை. இதில்தான் அரங்கில் இருந்த பாதிப்பேர் திகைத்துப் போனோம். நட்டைக் கழற்ற இடஞ்சுழியாகத் திருப்பவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நட்டு இருப்பது வடிகட்டியின் அடியில், கீழே பார்த்து. நாம் நிற்பது மேலே. கீழிருந்து பார்ப்பவனுக்கு இடஞ்சுழியாக இருப்பது மேலிருந்து பார்ப்பவனுக்கு வலஞ்சுழியாகத் தெரியும். மேலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டு வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருப்போம்! ஆசிரியர் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மூடியைத் திருப்பிக் காட்டினார். வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள். காரில் கைவைக்கும் முன் அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு திசையை முடிவு செய்யுங்கள். அந்த இளைஞர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணே, நான் இறுக்கியிருக்கிறேன்” என்றார்.

நான்காவது, ஒரு ஸ்பேனர் போதாது, இரண்டு வேண்டும். வடிகட்டியின் அடியில் அதற்கென்றே ஆறுமுகப் பிடி உண்டு. அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் நட்டைத் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டியே சுற்றும், பட்டை வளையும், மேலே உள்ள குழாய் முறுக்கிக்கொள்ளும். இரண்டு ஸ்பேனர்களின் கைப்பிடிகளும் ஒன்றுக்கொன்று அருகில் வருமாறு மாட்டிவிட்டால், இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துக் கத்தரிக்கோல்போல் நெருக்கலாம். பலம் அந்த நட்டிலேயே நிற்கும், கை வழுக்கிச் சுவரில் இடிக்காது. இடம் போதவில்லை என்றால் பட்டையின் போல்ட்டுகளைத் தளர்த்தி வடிகட்டியைச் சற்றே மேலே தூக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் குழாயைத் திறக்கவேண்டியதில்லை.

இழுக்கும் விதமும் முக்கியம். ஒரேயடியாக முழுப் பலத்தையும் போடாதீர்கள். முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு. துருவின் பிடி உடையும். பிறகு கழற்றும் திசையில். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் வெற்றி. நட்டு நகரும்போது குழாயைப் பாருங்கள். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கினால் உடனே நிறுத்துங்கள். நட்டு குழாயோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் எண்ணெய் அடித்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்கவேண்டும். குழாய் முறுக்கி உடைந்தால் வடிகட்டி விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை குழாய் மாற்றும் வேலையாகிவிடும்.

நெருப்புக் காட்டிச் சூடாக்கினால் நட்டு இளகும் என்று பார்வையாளர் ஒருவர் சொன்னார். மற்ற இடங்களில் உண்மை. இந்த இடத்தில் அந்த எண்ணமே கூடாது. அரைக்கும் இயந்திரமும் அப்படித்தான்.

எதை முதலில் தொடுவது?

அரை மணி நேரப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். மேல் போல்ட் எளிதில் வரும் என்பதால் எல்லாரும் அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். போமன் நேர்மாறாகச் செய்யச் சொல்கிறார். அழுத்தத்தை வெளியேற்றிய பின், கழலாது என்று சந்தேகப்படும் கீழ் நட்டையே முதலில் தொடுங்கள். அசைந்தால் வேலை தொடரட்டும். அசையவில்லையா? இன்னும் எதையும் திறக்கவில்லை. பம்பு இணைப்பையும் பேட்டரியையும் மாட்டி, பட்டையை இறுக்கி, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, அதே காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். அந்த இளைஞர் மேல் போல்ட்டைத் திறந்துவிட்டதால்தான் அவருக்குத் திரும்பும் வழி அடைபட்டது. மேல் போல்ட்டின் வாஷர் நசுங்கிப் போனது, புதியது போடாமல் மூடினால் கசியும், கீழ் நட்டோ வரவில்லை. இழுவை லாரி வந்த கதை அதுதான்.

அதேபோல், நட்டின் மூலை ஒன்று மழுங்கத் தொடங்கினாலும் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். மூலைகள் மிஞ்சியிருக்கும்வரை போமனுக்கு வழி உண்டு. முழுவதும் உருண்டையான பிறகு அவரிடமும் பூட்டிப் பிடிக்கும் குறடு ஒன்றுதான் மிச்சம். அதுவும் வழுக்கினால் குழாயோடு மாற்றவேண்டியதுதான். பழைய சாமான் விற்கும் ‘பொத்தோங்’ கடைகளில் அந்தக் குழாய் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். குழாயை வெட்டிவிட்டு நடுவில் ரப்பர் குழாய் போட்டுக் கிளிப் மாட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, இரண்டு விருந்தினர்களும் ஒரே குரலில் ‘வேண்டாம்’ என்றார்கள். கார்புரேட்டர் வண்டிக்குப் போடும் சாதாரண ரப்பர் 3 பார் அழுத்தத்திற்குச் செய்யப்பட்டதல்ல. அது கழன்றால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். ஓடும் வண்டியில், உள்ளே பிள்ளைகளோடு!

புதியதைப் பூட்டுதல்

கழன்றுவிட்டால் மற்றது சுலபம். புதிய வடிகட்டியில் பெட்ரோல் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது இன்ஜின் பக்கம் பார்க்கவேண்டும். மேல் போல்ட்டின் வளையத்திற்கு மேலும் கீழும் ஒவ்வொரு வாஷர் உண்டு. இரண்டையும் புதிதாகப் போடவேண்டும். பழையது ஏற்கெனவே நசுங்கித் தன் வேலையை முடித்துவிட்டது. வடிகட்டி வாங்கும்போதே அவை பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

குழாயின் முனையையும் மரையையும் துணியால் துடையுங்கள். கீழ் நட்டை விரலால் முடுக்குங்கள். நாலைந்து சுற்று விரலுக்கே போகவேண்டும். போகவில்லை என்றால் மரை கோணலாக மாட்டியிருக்கிறது. ஸ்பேனரைத் தொடாமல் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். பட்டையை முழுவதும் இறுக்குவதற்கு முன்பே இதைச் செய்தால் வடிகட்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி நேராகக் கொண்டுவரலாம். இறுதியாக இறுக்கும்போதும் இரண்டு ஸ்பேனர்தான். அடுத்த முறை கழற்றப்போவதும் நீங்கள்தான் என்பதை நினைவில் வைத்து இறுக்குங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குமானி வைத்து இறுக்குவதே முறை.

சிந்திய பெட்ரோல் காய்ந்து, வாசனை போன பிறகு பம்பு இணைப்பையும் அதன் பின் பேட்டரியையும் மாட்டுங்கள். வடிகட்டியில் காற்று நிறைந்திருப்பதால் முதல் முயற்சியில் இன்ஜின் பற்றாது. சில விநாடி சுற்றிவிட்டு, அணைத்து, இரண்டு இணைப்புகளையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் ஸ்டார்ட் செய்து, ஓடும்போது மீண்டும் பாருங்கள். சற்று மிதித்துவிட்டு இன்னொரு முறை. மறுநாள் காலை ஓட்டும் முன் ஒரு முறை. ஒரு துளி கசிந்தாலும் அணைத்துவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பழைய வாஷர், முனையில் ஒட்டிய மணல், கோணல் மரை இவற்றில் ஒன்றாக இருக்கும். மேலும் மேலும் இறுக்குவது இதில் எதற்கும் மருந்தல்ல.

கடைசியில் ஓர் அம்மா எழுந்து, “பழைய ஃபில்டரை என்ன செய்வது ஐயா? குப்பையில் போட்டுவிடலாமா?” என்று கேட்டார். அதற்குள் இன்னும் பெட்ரோல் இருக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, வீட்டு முன் கால்வாயிலும் ஊற்றக்கூடாது. இறுக்கி மூடும் உலோகக் கலனில் வைத்து, உங்கள் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யச் சொன்னார் போமன். டாங்கியில் இருந்து பெட்ரோல் நுழையும் பக்கத்தைக் கவிழ்த்து, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைத் துணியில் விழச் செய்து பாருங்கள். கறுப்புத் தூசி என்றால் அது வயதின் கணக்கு. செங்கல் நிறத்தில் துருப்பொடி விழுந்தால் உங்கள் டாங்கி உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கிவிட்டது. அந்த வண்டிக்கு அடுத்த வடிகட்டியைக் கையேடு சொல்லும் காலத்திற்கு முன்பே மாற்றவேண்டியிருக்கும். பூட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் புதிய டப்பாவின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்.

அந்த அம்மா குறித்துக்கொண்டார். கார் அவருடையதாம். மகனுக்கு ஓட்டத் தெரியும், பானெட்டைத் திறக்கத் தெரியாதாம்.